வசதி இலக்கு மூன்று

பெரிட் பிறந்து வளர்ந்த வட மினசோட்டாப் பக்கத்தில் ஒருவரிடம் காப்பி வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்பார். இரண்டாவது முறை கேட்டால், உங்களுக்கு எதற்குச் சிரமம் என்பார். மூன்றாவது முறையும் கேட்டால், ஏற்கெனவே போட்டிருந்தால் அரைக் கோப்பை கொடுங்கள் என்பார். பிறகு மூன்று கோப்பை குடிப்பார். முதல் தடவையிலேயே சரி என்று சொல்கிறவனைப் பற்றி அவன் எழுந்து போன பிறகு பேசிக்கொள்வார்கள். இரண்டாவது தடவை கேட்காமல் விடுகிறவளைப் பற்றி அவள் செத்த பிறகும் பேசிக்கொள்வார்கள்.

தேவாலய விருந்தில் எலுமிச்சை இனிப்பு கடைசியாக ஒரு துண்டு மிஞ்சினால் அதை யாரும் எடுக்க மாட்டார்கள். பாதியாக வெட்டிப் பாதியை எடுப்பார்கள். அடுத்து வருகிறவர் அந்தப் பாதியில் பாதி. கடைசியில் எறும்புக்கு ஒரு வாய் மிஞ்சும். அதையும் யாருக்காவது வேண்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் தட்டைக் கழுவப் போடுவார்கள்.

இதெல்லாம் ஊருக்குத் தெரியும். லூத்தரன் சபையார் நடத்திய வரைக்கும் ஊர் மருத்துவமனைக்கும் தெரிந்திருந்தது. அப்புறம் அரிசோனாவிலிருந்து ஹார்மொனெல் நலக்குழுமம் என்று ஒன்று வந்து அதை வாங்கியது. முதல் காரியமாக வாசலில் ஒரு நீரூற்று கட்டினார்கள். அது நவம்பரில் உறைந்து, வெடித்து, சாய்ந்து நின்றது. இரண்டாவது காரியமாக வலியை ஒழித்தார்கள்.

ஒழித்த விதம் எளிமையானது. கம்ப்யூட்டரில் வலி என்று இருந்த இடத்திலெல்லாம் வசதி என்று மாற்றினார்கள். பூஜ்யம் என்றால் வசதியே இல்லை, பத்து என்றால் பூரண வசதி. நோயாளி சேரும்போதே தனக்கு எவ்வளவு வசதி வேண்டும் என்று ஓர் எண்ணைச் சொல்லிவிட வேண்டும். அந்த எண்ணைத் தொட்டுவிட்டால் அறை வாசலுக்கு மேல் பச்சை விளக்கு எரியும். தொடாவிட்டால் மஞ்சள். மஞ்சள் எரிந்தால் மாடி முழுவதற்கும் மதிப்பெண் குறையும். ஆகவே மஞ்சள் அதிகம் எரிவதில்லை.

பிப்ரவரிப் பனியில், கணவன் டாரில் ஓட்டி வந்த வண்டியிலிருந்து இறங்கிய பெரிட், இடுப்பைப் பிடித்துக்கொண்டு சேர்க்கை மேஜைக்கு முன்னால் நின்றாள். தலைப்பிரசவம். மேஜையில் இருந்த பெண் தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"உங்க வசதி இலக்கு என்ன மேடம்?"

"அப்படின்னா?"

"குழந்தை பிறந்தப்புறம் உங்களுக்கு எவ்வளவு வசதி வேணும்? பத்துக்கு எத்தனை?"

பெரிட் யோசித்தாள். "பத்துன்னுகூட சொல்றாங்களா?"

"சொல்லலாமே."

அப்படிச் சொல்கிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று பெரிட்டுக்குத் தெரியும். மின்னியாபொலிஸ் பட்டணத்துக்காரர்கள். தட்டை முழுசாக மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிற ஜாதி. இவள் பத்து கேட்டால் பக்கத்து அறைக்காரிக்கு என்ன மிஞ்சும்?

"மூணு போதுங்க," என்றாள்.

"மூணா?"

"அதிகம்னா ரெண்டு போட்டுக்கோங்க. தொந்தரவு வேண்டாம்."

டாரில் அந்த மாவட்டத்தில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன். பேச்சை ஒரு வருஷத்துக்குத் திட்டமிட்டுச் செலவு செய்கிற ஆள். அவன் மனைவியைப் பெருமையோடு பார்த்து, "அவளுக்கு மூணு தாராளம்," என்றான். அறைச் சுவரில் இருந்த வெள்ளைப் பலகையில், சிரிக்கிற ஒரு வாத்துப் படத்துக்குக் கீழே, வசதி இலக்கு மூன்று என்று எழுதிவிட்டார்கள்.

மதியத்துக்கு முன்னால் பெண் குழந்தை பிறந்தது. தலை இறங்காமல் மக்கர் செய்ததால் டாக்டர் ஷியோங் உறிஞ்சுகுவளை வைத்து இழுத்தார். கிழிந்த இடத்தில் தையல் போட்டார். குழந்தை வாயைத் திறந்து கத்திய கத்தலில், இது யாருக்குப் பிறந்தது என்று பெற்றோர் இருவரும் கொஞ்சம் வெட்கப்பட்டார்கள். சிக்னே என்று பெயர் வைத்தார்கள். டாரிலின் லவோன் அத்தை, சொல்லி வைத்தாற்போல், ஒரு தட்டு எலுமிச்சை இனிப்பு கொடுத்தனுப்பினாள்.

நர்ஸ் கார்லீன் சபையார் காலத்திலிருந்து இருக்கிறவள். ஊரில் பாதிப் பேரை அவள்தான் முதலில் துடைத்துச் சுற்றி எடுத்தாள். பெரிட்டின் வயிற்றை அமுக்கிப் பார்த்தாள், துணியைப் பார்த்தாள், ரத்தப்போக்கு அளவாகத்தான் இருக்கிறது என்றாள். பிறகு கையிலிருந்த பலகைக் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி கேட்டாள்.

"கண்ணு, மாத்திரை தரட்டுமா? சாதாரண மாத்திரைதான். ரெண்டு வகை."

"ஐயோ, வேண்டாங்க. வேற யாருக்காவது தேவைப்படும்."

சொல்லிவிட்டு பெரிட் இரண்டாவது கேள்விக்காகக் காத்திருந்தாள். தையல் சுரீரென்று இழுத்துக்கொண்டிருந்தது. மாத்திரையை நினைத்து நாக்கில் எச்சில்கூட ஊறிவிட்டது. கார்லீனும் முப்பது வருஷப் பழக்கத்தில் வாயைத் திறந்தாள். அதற்குள் கம்ப்யூட்டர் கிணுங்கியது. திரையில் 'மறுத்தார். நன்றி.' என்று வந்தது. சுவரில் இருந்த மருந்துப் பெட்டி க்ளிக் என்று பூட்டிக்கொண்டது.

கார்லீன் வாயை மூடிக்கொண்டாள். "இப்பல்லாம் ஒரு தடவைதான் கேக்க முடியும், கண்ணு. ரெண்டாவது தடவை கேட்டா வற்புறுத்தல்னு என் பேர்ல ஏறும்."

"அப்ப அடுத்தது எப்ப கேப்பீங்க?"

"ஆறு மணி நேரம் கழிச்சு. நடுவுல வேணும்னா நீயே பொத்தானை அமுக்கிக் கேக்கலாம்."

"ஓ. நல்ல ஏற்பாடுதான்," என்றாள் பெரிட். தானாகக் கேட்பதா? அவள் தன் கல்யாணத்தில்கூடத் தானாக இரண்டாவது துண்டு கேக் கேட்டவள் இல்லை.

கார்லீனுக்கு அன்றைக்கு ஒன்பது அறை. கதவருகே நின்று படுக்கையைத் திரும்பிப் பார்த்தாள். முன்பென்றால் மணிக்கொரு தடவை வந்து, போர்வையை விலக்கி, தையல் போட்ட இடம் வீங்குகிறதா, நிறம் மாறுகிறதா என்று பார்த்துவிட்டுப் போவாள். ஹார்மொனெல் வந்த பிறகு அதற்குக் கண்ணியக் குறைவு என்று பெயர் வைத்து நிறுத்திவிட்டார்கள். வசதி இலக்குக்குக் கீழே போனால்தான் போர்வையைத் தொடலாம். மேலே விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

முதலில் அது தையல் வலிதான். கொஞ்ச நேரத்தில் அதோடு இன்னொன்று சேர்ந்துகொண்டது. தையலில் இல்லை, அதற்கும் உள்ளே, பின்பக்கமாக. கல்லின் மேல் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. ஒருக்களித்துப் படுத்தால் கல்லும் கூடவே ஒருக்களித்தது. கழிப்பறைக்குப் போக வேண்டும்போல் முட்டியது, போனால் ஒன்றும் இல்லை. பிரசவம்தான் முடிந்துவிட்டதே, இது ஏன் இன்னொரு தலை இறங்குவதுபோல் இருக்கிறது என்று நினைத்தாள். நேரம் போகப் போகக் கல் பெரிதாகிக்கொண்டே வந்தது.

வசதித் தோழி என்று சட்டையில் எழுதியிருந்த ஓர் இளம்பெண் வந்தாள். தலையணையில் லாவெண்டர் எண்ணெய் தெளித்தாள். ஏரிச் சத்தம் வேண்டுமா, மழைச் சத்தம் வேண்டுமா என்று கேட்டாள். எது உங்களுக்குச் சுலபமோ அது என்றாள் பெரிட். ஏரி வந்தது.

"இப்ப உங்க வசதி எத்தனை?"

பெரிட் பல்லைக் கடித்துக்கொண்டு நேர்மையாகக் கணக்குப் போட்டாள். ஒன்று என்று சொன்னால் இந்தப் பெண் மனசு கஷ்டப்படும், இவ்வளவு எண்ணெய் தெளித்திருக்கிறாள். "ரெண்டரை இருக்கும்," என்றாள்.

"அரை கிடையாது மேடம். மேல ஏத்திக்கும். மூணு." தோழி முகம் மலர்ந்தாள். "இலக்குல உறுதியா நிக்கறீங்க. இந்த மாடியிலயே உங்களைப் போல யாரும் இல்ல."

"இதயம் கொஞ்சம் வேகமா அடிக்கிற மாதிரி இருக்கு."

தோழி படுக்கையோரம் இருந்த நாடிக் கருவியைப் பார்த்தாள். நூற்றிருபது காட்டியது. "அதுவா? விளக்கு பச்சையா இருந்தா அதைத் தனியா பாக்கத் தேவையில்ல. தாய்மைப் பூரிப்பு," என்றாள்.

டாரில் வெளியே போய் அரை மாவட்டத்துக்குப் போன் செய்து குழந்தை பிறந்த சேதியைச் சொல்லிவிட்டு வந்தான். மொத்தம் பதினொரு வார்த்தை பேசியிருப்பான். உள்ளே வந்தவனிடம் பெரிட் குழந்தையை நீட்டினாள்.

"இவளைக் கொஞ்சம் வாங்கிக்கோ. கை நழுவுற மாதிரி இருக்கு."

அவன் வாங்கிக்கொண்டான். அவள் உதடு பேப்பர் நிறத்தில் இருந்தது. "என்னடி?"

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கு."

கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் அந்த வார்த்தையை ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறாள். தேவாலயத்தில் ஒரு நாள் காலையெல்லாம் ஊருக்கே அப்பம் சுட்டுப் பரிமாறிவிட்டு, வண்டியில் ஏறி உட்கார்ந்து சொன்னாள். அன்றைக்குக் குடல்வால் வெடித்திருந்தது. ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்று டாக்டர் கேட்டதற்கு, வரிசை நீளமாக இருந்தது என்றாள்.

அவன் குழந்தையை ஏந்திக்கொண்டு நர்ஸ் மேஜைக்குப் போனான். அங்கே கார்லீன் இல்லை, வேறொருத்தி இருந்தாள். முன்னால் இரண்டு பேர் நின்றார்கள். நின்றான். முறை வந்ததும் தன் வாழ்நாளின் மிகக் கடுமையான வார்த்தைகளைச் சொன்னான்.

"உங்களுக்கு நேரம் கெடச்சா, என் மனைவியை ஒரு எட்டு யாராவது பாத்தா நல்லாருக்கும்னு தோணுது."

அவள் திரையைப் பார்த்தாள். "பச்சையா இருக்காங்களே."

"வெள்ளையா இருக்கா."

"விளக்கைச் சொல்றேன் சார். அவங்க கேட்டது மூணு. மூணுல இருக்காங்க. நீங்க சொல்றது மூன்றாம் நபர் வசதி. அதுக்கு கீழ வசதி அலுவலகத்துல எழுதிக் குடுக்கணும். ஆனா இன்னிக்கு அவங்க யாரும் இல்ல. உங்க ரூமுக்குத்தான் வந்துட்டிருக்காங்க."

"எதுக்கு?"

"விழா இருக்கே," என்றாள் அவள், அவனுக்குத் தெரியாதது ஆச்சரியம்போல்.

டாரில் திரும்பி வந்தான். பெரிட் கண்ணை மூடிக்கொண்டு மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாள். குழந்தையைத் தொட்டிலில் கிடத்தினான். வாசலுக்கு மேலே பச்சை விளக்கைப் பார்த்தான். ஆறடி மூன்றங்குல ஆள். கையை நீட்டினால் எட்டியது. பல்பைத் திருகிக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். இனி யாராவது வந்துதானே ஆக வேண்டும் என்று நினைத்தான்.

வந்தார்கள். மின்சாரப் பிரிவிலிருந்து இரண்டு பேர் ஏணியோடு ஓடி வந்தார்கள். மனைவி பொத்தானை அமுக்கினால் எவ்வளவு நேரமாகும் என்று தெரியாது, பல்புக்கு இரண்டே நிமிஷம். ஒருவன் ஏணியைப் பிடிக்க, ஒருவன் ஏறி, புதுப் பல்பைப் போட்டு, பச்சை எரிகிறதா என்று இரண்டு தடவை அணைத்து ஏற்றிப் பார்த்தான்.

"உள்ள ஒரு பொம்பளைக்கு உடம்பு சரியில்ல," என்றான் டாரில்.

"அப்படித் தெரியலியே," என்றான் ஏணிமேல் இருந்தவன், விளக்கைப் பார்த்து.

அவர்கள் ஏணியை மடக்குவதற்குள் ஊர்வலம் வந்துவிட்டது. முன்னால் தலைமை வசதி அதிகாரி பிரெஸ்டன் விட்லாக். அரிசோனாவின் வெயில் முகத்தில் இன்னும் மிச்சமிருந்தது. பின்னால் ஒரு போட்டோக்காரர், மடித்த போர்வையை ஏந்தியபடி வசதித் தோழி, கடைசியில் கைதட்டுவதற்கென்று அறைகளிலிருந்து பிடித்து வரப்பட்ட நர்ஸுகள். அதில் கார்லீனும் இருந்தாள். வலுவான மாத்திரையின் துணையில்லாமல் வசதி இலக்கை எட்டிய ஐந்நூறாவது தாய் என்று ஒரு துணியில் எழுதிப் பிடித்திருந்தார்கள்.

பிரெஸ்டன் படுக்கையின் கால்மாட்டில் நின்று பேசினார். ஊரில் எல்லாரும் அவரை நல்ல பேச்சாளர் என்பார்கள். அவர் பேசும்போது குறுக்கே யாரும் பேசுவதில்லை, அது ஊர் வழக்கம்.

"நான் இங்க வந்தப்ப இந்த மாடியில மாசத்துக்கு இருநூறு தடவை அந்த வார்த்தை பதிவாகும். எந்த வார்த்தைன்னு நான் சொல்லப் போறதில்ல. இன்னிக்கு எவ்வளவு தெரியுமா? பூஜ்யம். ஏன்னா பதிவு பண்ண இடமே வைக்கல. உலகத்துல எவ்வளவோ பெரிய டாக்டருங்க இருந்திருக்காங்க, ஒருத்தருக்கும் இது தோணல.

"முன்னாடி இங்க நர்ஸம்மாங்க மணிக்கு மணி போர்வையை விலக்கிப் பாப்பாங்களாம். அதுல வருஷத்துக்கு ஏழெட்டு பிரச்சினை கண்டுபிடிச்சிருக்காங்க. நிறுத்தினோம். இந்த வருஷம் ஒண்ணுகூட கண்டுபிடிக்கல. 

"இந்தத் தாயைப் பாருங்க. வலுவான மாத்திரை ஆபத்து, அதனால நாம குடுக்கல. லேசான மாத்திரையை அவங்களே மறுத்துட்டாங்க, அதனால அதுவும் குடுக்கல. ஒண்ணுமே குடுக்காம இலக்கை எட்டிட்டாங்க. இதுக்கு மேல ஒரு ஆஸ்பத்திரி என்னங்க செய்ய முடியும்?"

கைதட்டினார்கள். வசதித் தோழி போர்வையைப் பிரித்து, ஏற்கெனவே இருந்த போர்வைக்கு மேல் பெரிட்டின் மார்பு வரை போர்த்தினாள். ஹார்மொனெல் என்று ஓரத்தில் தைத்திருந்தது. அந்தக் கனம்கூடத் தாங்கவில்லை பெரிட்டுக்கு. போட்டோக்காரர் எட்டிப் பார்த்து, முகம் நல்ல வெளுப்பு, விளக்கே வேண்டாம் என்றார்.

"பெரிட், உங்க வாயால சொல்லுங்க. எப்படி இருக்கீங்க?" என்று பிரெஸ்டன் குனிந்தார்.

"ஓ, பரவாயில்..." என்று அவள் வாய் தானாக ஆரம்பித்தது.

பாதியில் நின்றது. போட்டோக்காரரின் தோளுக்குப் பின்னால் தொட்டில் தெரிந்தது. அது தூரமாகப் போய்க்கொண்டே இருப்பதுபோல் இருந்தது. ஓரங்கள் இருண்டு வந்தன. இந்தக் குழந்தையின் முகத்தை நான் முழுசாகக்கூடப் பார்க்கவில்லையே என்று நினைத்தாள். அவளுக்குப் பயமாக இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக, பக்கத்து அறைக்காரியைப் பற்றி அவள் நினைக்கவே இல்லை.

"வலிக்குது," என்றாள்.

ஏரிச் சத்தம் மட்டும் கேட்டது. 

"அவங்க சொல்ல வர்றது, வசதியில ஒரு முன்னேற்ற வாய்ப்பு..." என்றார் பிரெஸ்டன்.

"வலிக்குது. ஏறிக்கிட்டே போகுது. போர்வையை எடுத்துப் பாருங்க."

"டாரில், உன் பொண்டாட்டி பரவாயில்லன்னு சொல்லலியா?" என்று கார்லீன் நர்ஸுகளுக்குப் பின்னாலிருந்து கேட்டாள்.

"ஒரு மாதிரி இருக்குன்னும் சொல்லிட்டா."

கார்லீன் இந்த ஊர்க்காரி. கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு வந்து, இரண்டு போர்வைகளையும் ஒரே இழுப்பில் தரையில் எறிந்தாள். ஒரு பார்வைதான். தையல் போட்ட இடம் கருநீலமாகப் புடைத்திருந்தது. பலகைக் கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. கதவைப் பார்த்து, "ஷியோங்கைக் கூப்பிடுங்க, ஆபரேஷன் ரூமைத் திறங்க," என்று கத்தினாள். அந்தக் கட்டடத்தில் அவள் கத்தி யாரும் கேட்டதில்லை. ஏணிக்காரர்கள் ஏணியைப் போட்டுவிட்டுக் கட்டிலைத் தள்ளினார்கள். வாசலைத் தாண்டும்போது தலைக்கு மேல் விளக்கு பச்சையாகவே இருந்தது.

மறுநாள் டாக்டர் ஷியோங் கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இரண்டு பை ரத்தம் ஏற்றிய பிறகு பெரிட்டின் உதட்டுக்குக் கொஞ்சம் நிறம் வந்திருந்தது.

"உள்ள ஒரு ரத்தக்குழாய் கசிஞ்சுது. வெளிய வர வழியில்லாம உள்ளயே கட்டிக்கிச்சு. பெரிய ஆரஞ்சு அளவு. அதனாலதான் துணியில ஒண்ணும் தெரியல. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா..." அவர் முடிக்கவில்லை. "தையல் வலி மாத்திரைக்கு அடங்கும்மா. மாத்திரை போட்டும் அடங்காம ஏறுதுன்னா போர்வையை விலக்கிப் பாக்கணும். அவ்வளவுதான் விஷயம்."

"நான்தான் மாத்திரையே போடலியே."

"அதனால எது எந்த வலின்னே யாருக்கும் தெரியாமப் போச்சு."

இனிமேல் என்ன என்பதையும் அவரே சொன்னார். சாதாரண மாத்திரை இரண்டு வகையும் நேரத்துக்கு நேரம் வரும். வலுவானது சின்ன அளவில், ஒரு நாளோ இரண்டு நாளோ. அதைப் போட்டால் நர்ஸ் மூச்சை எண்ணிப் பார்ப்பாள். அதைப் போட்டுவிட்டுக் குழந்தையைப் பக்கத்தில் படுக்கப் போட்டுக்கொண்டு தூங்கக் கூடாது, தொட்டிலில்தான் விட வேண்டும். பால் குடிக்கிற குழந்தை வழக்கத்துக்கு மீறித் தூங்கினால் உடனே சொல்ல வேண்டும்.

"சாதாரண மாத்திரைக்கு நான் கேக்கவே வேண்டாமா?" என்றாள் பெரிட் நம்பாமல்.

"வேண்டாம். நேரமானா வரும்."

இப்படி ஒரு வழி இருப்பது தெரிந்திருந்தால், என்று பெரிட் நினைத்தாள். யாரும் யாரையும் கேட்டுத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. அவள் கொஞ்சம் அழுதாள். டாரில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தான்.

சாயங்காலம் பிரெஸ்டன் பூங்கொத்தோடு வந்தார்.

"தப்பு நடக்கலன்னு நாங்க சொல்லல. எங்க நடந்ததுன்னு ராத்திரியெல்லாம் குழு போட்டுக் கண்டுபிடிச்சுட்டோம். நாங்க ஒரு தடவைதான் கேட்டோம். இந்த ஊர்ல மூணு தடவை கேக்கணுமாம். யாருமே எங்ககிட்ட சொல்லல. இனிமே ஒவ்வொருத்தரையும் மூணு தடவை கேப்போம். நடுவுல கால் மணி நேரம், யோசிக்கறதுக்கு. காலையிலயே கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு. இதுக்கு உங்க பேரை வைக்கணும்னு குழுவுக்கு ஆசை. பெரிட் முறை."

"போர்வையை விலக்கிப் பாக்கறது?" என்று டாரில் கேட்டான்.

"போர்வை இன்னும் நூறு ஆர்டர் பண்ணியிருக்கோம்."

பெரிட் தலையசைத்தாள். "ஐயோ, என் பேரெல்லாம் எதுக்குங்க."

பிரெஸ்டன் புதிதாகக் கற்றுக்கொண்டவர். புன்னகையோடு மறுபடி கேட்டார். "உங்களுக்கு எதுக்குச் சிரமம்," என்றாள் பெரிட். மூன்றாவது முறையும் கேட்டார்.

"ஏற்கெனவே அச்சடிச்சுட்டீங்கன்னா..." என்றது பெரிட்டின் வாய். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. பிரெஸ்டன் அதற்குள் கைகுலுக்கிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் காலை எல்லா அறை வாசலிலும் அட்டை தொங்கியது.

அன்று மத்தியானம் சிக்னே பால் குடித்துவிட்டுத் தொட்டிலில் தூங்கினாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்ணின் குரல் கேட்டது. காலையில் வயிற்றைக் கிழித்துப் பிள்ளை எடுத்தவள், ஹோதன். ஊர் நூலகத்துக்கு எதிரே துணி தைக்கிற சோமாலியப் பெண். பெரிட் அவளிடம் திரைச்சீலை தைக்கக் கொடுத்திருக்கிறாள்.

"மாத்திரை வேணுமா கண்ணு?" இது கார்லீன்.

"வேணும். ரொம்ப வலிக்குது. குடுங்க."

"சரி. இது முதல் தடவை. கால் மணி நேரத்துல திரும்ப வர்றேன்."

"எதுக்கு?"

"ரெண்டாவது தடவை கேக்க."

"நான் வேணும்னுதானே சொன்னேன்," என்றது ஹோதனின் குரல். இப்போது அது உடைந்திருந்தது. "வேணும்னு சொன்னா வேணும்தான். எனக்கு வேற விதமா சொல்லத் தெரியாது."

"எனக்குத் தெரியும்மா. பெட்டி திறக்காது. நான் என்ன பண்ணட்டும்?"

பெரிட் எழுந்தாள். டாரில் வேண்டாம் என்றான். அவள் அவன் தோளைப் பிடித்து நின்று, பிறகு சுவரைப் பிடித்து, அடிமேல் அடி வைத்து அடுத்த அறை வாசலுக்கு வந்தாள். அங்கே அவள் பெயர் அட்டையில் தொங்கியது. கார்லீன் நிமிர்ந்து பார்த்து, பார்வையைக் கீழே போட்டாள்.

"அவங்கதான் சரின்னுட்டாங்களே," என்றாள் பெரிட்.

"ஒண்ணுதான் ஆச்சு. இன்னும் ரெண்டு பாக்கி. உன் முறைதான்டி இது, பேரே எழுதியிருக்கு பார்."

"பார்த்தேன்." அவளுக்கு முகம் எரிந்தது. "கால் மணி நேரம் விட்டே ஆகணுமா?"

கார்லீன் கம்ப்யூட்டரைத் தடவினாள். "நோயாளி யோசிக்கணும்னு நினைச்சாத்தான் விடணுமாம்."

"யோசிக்கணுமா ஹோதன்?"

"வேண்டாம்," என்றாள் ஹோதன்.

"அப்ப ரெண்டாவது சரியை அவங்களேதான் சொல்லணும்னு இருக்கா?"

கார்லீன் மறுபடி படித்தாள். ரொம்ப நேரம் படித்தாள். "யார் சொல்லணும்னு எழுதல."

"அப்ப ரெண்டாவது நான் சொல்றேன். சரி. குடுங்க."

கம்ப்யூட்டர் கிணுங்கியது. பெட்டி திறக்கவில்லை. இன்னும் ஒன்று பாக்கி. பெரிட் கார்லீனைப் பார்த்தாள். ஹோதனும் பார்த்தாள். முப்பது வருஷம் அந்த மாடியில் மூன்றாவது முறை கேட்டுப் பழகியவள் கார்லீன். மூன்றாவது பதிலைச் சொல்லிப் பழக்கமில்லை. சொன்னால் யார் பேரில் ஏறும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

"சரி," என்றாள் கார்லீன் மெதுவாக.

பெட்டி திறந்தது. ஆனால் அவள் மாத்திரையை எடுப்பதற்கு முன்னால் கம்ப்யூட்டரை ஜன்னல் ஓரம் குப்புற வைத்துவிட்டு, ஹோதனின் போர்வையை விலக்கி, காயத்தையும் வயிற்றையும் நிதானமாகப் பார்த்தாள். பிறகுதான் மாத்திரையும் தண்ணீரும் கொடுத்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஹோதனின் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஹோதன் தலையணையில் சாய்ந்து பெரிட்டைப் பார்த்தாள். "நான் இந்த ஊருக்கு வந்து ஒன்பது வருஷம். யார் வீட்டுல காப்பி வேணுமான்னாலும் சரின்னுடுவேன். குடுப்பாங்க. ஆனா எல்லாருக்கும் முகம் ஒரு மாதிரி ஆயிடும். ஏன்னே தெரியாது."

"எங்க வீட்டுலயுமா?"

"உங்க வீட்டுலதான் ரொம்ப."

பெரிட்டுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தையல் இழுத்தது. "எலுமிச்சை இனிப்பு இருக்கு. சாப்பிடறீங்களா?"

"சரி," என்றாள் ஹோதன்.

இரண்டாவது கேள்வி தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. பெரிட் அதை விழுங்கினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு தன் அறைக்குப் போனாள். லவோன் அத்தையின் தட்டில் ஒரே ஒரு துண்டுதான் மிஞ்சியிருந்தது, பக்கத்தில் வெட்டுவதற்கு ஒரு கத்தி. டாரில் கத்தியை எடுத்து நீட்டினான். அவள் அதை வாங்கவில்லை. துண்டை முழுசாகக் கையில் எடுத்துக்கொண்டு, திரும்பவும் சுவரைப் பிடித்து நடந்தாள்.